தட்டில் கறுப்புப் பூஞ்சை வந்துகொண்டே இருக்கிறது, எங்கே தப்பு?

மேலூர் மாணவி:
மதுரையில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் வருடம் படிக்கிறேன். ரொட்டி ஈஸ்ட்டையும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவையும் தனித்தனிப் பெட்ரித் தட்டில் கோடிழுத்து வளர்க்க வேண்டும். மீடியாவை (கிருமி வளரும் அகார் கூழ்) ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் கலம்) 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்தேன். கிருமியை எடுத்துக் கோடிழுக்கும் கம்பி வளையமான லூப்பையும் சிவக்கக் காய்ச்சினேன். ஆனாலும் ஆறு தட்டில் நான்கில் கறுப்புப் பூஞ்சை. அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு, பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற லேப் உதவியாளர், திருநகர்:
தாயி, தட்டைத் திறக்காமல் அடிப்பக்கமாகப் பார். பூஞ்சை நீ இழுத்த கோட்டின் மேல் இருக்கிறதா, விலகி இருக்கிறதா? விலகி இருந்தால் பெரும்பாலும் காற்றில் வந்து விழுந்தது. தலைக்கு மேல் ஃபேன் ஓடியதா?

மேலூர் மாணவி:
விலகித்தான் இருக்கிறது ஐயா. ஃபேன் ஓடியது. இந்த வெயிலில் நிறுத்தினால் எல்லாரும் திட்டுவார்கள்.

ஓய்வுபெற்ற லேப் உதவியாளர், திருநகர்:
திட்டினாலும் நிறுத்து. 26 வருடம் கல்லூரி லேப்பில் இருந்தவன் சொல்கிறேன். செய்முறைக்கு அரை மணி நேரம் முன்பே ஃபேனை நிறுத்தி ஜன்னலையும் மூடிவிடுவேன். விளக்குமாற்றைத் தொட விடமாட்டேன், ஈரத்துணிதான். மேசையை 70 சதவீத ஆல்கஹாலால் துடை. முழு ஆல்கஹாலைவிட அதுதான் நன்றாகக் கொல்லும், கிருமியின் புரதம் சிதையத் தண்ணீரும் வேண்டும்.

தீச்சுடருக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே வேலை செய். சூடான காற்று மேலே போவதால் அங்கே தூசி இறங்குவது குறைவு. தட்டின் மூடியைக் கழற்றி மேசையில் வைக்காதே. ஒரு பக்கம் மட்டும், லூப் நுழையும் அளவுக்குத் தூக்கு. கல்ச்சர் (வளர்த்த கிருமி) இருக்கும் குழாயின் பஞ்சடைப்பைச் சுண்டுவிரலில் பிடித்துக்கொள். காய்ச்சிய லூப்பை அகார் ஓரத்தில் தொட்டு ஆறவிடு, இல்லாவிட்டால் கல்ச்சர் வெந்து தெறிக்கும்.

இன்னொன்று. கையில் தேய்த்த ஸ்பிரிட் முழுசாகக் காயும்வரை பர்னர் பக்கம் போகாதே. ஒரு பையனின் கையுறை தீப்பிடித்து விரலோடு ஒட்டியதை என் கண்ணால் பார்த்தேன். இன்றும் மறக்கவில்லை.

காளான் பண்ணை, அலங்காநல்லூர்:
தங்கச்சி, நான் காளான் விதை போடுகிறவன். சந்தேகம் வந்தால் வெறும் மீடியாத் தட்டு மூன்று எடுப்பேன். ஒன்றை ஃபேன் ஓடும்போது பத்து நிமிடம் திறந்து வைப்பேன், ஒன்றை ஃபேனை நிறுத்திவிட்டு அதே பத்து நிமிடம், மூன்றாவதைத் திறக்கவே மாட்டேன். திறக்காததிலும் பூஞ்சை வந்தால் தப்பு மீடியாவில்.

மேலூர் மாணவி:
அண்ணா சொன்னபடி செய்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் ஃபேன் தட்டில் 11 புள்ளி, நிறுத்திய தட்டில் 2, திறக்காததில் ஒன்றுமே இல்லை! இப்போது இந்தத் தட்டுகளை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற லேப் உதவியாளர், திருநகர்:
திறக்காதே, முகர்ந்தும் பார்க்காதே. காற்றில் வந்தது என்ன பூஞ்சை என்று நமக்குத் தெரியாது. அப்படியே ஆட்டோகிளேவ் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டாமல், 121 டிகிரியில் 30 நிமிடம் வைத்த பிறகுதான் குப்பைக்கு. அப்புறம், ஈஸ்ட் தட்டை மேசை மேல் விட்டுவிடாதே தாயி. மதுரை மே மாத அறைச்சூடு அதற்கு ஆகாது. சூட்டைச் சீராக வைக்கும் இன்குபேட்டரில், 30 டிகிரியில் கவிழ்த்து வை.