கீழ் அறை எப்போது காலியாகும்?

குழு: நம் வீடு

திவ்யா: எல்லோருக்கும் ஒரு செய்தி. அம்மாவை சனிக்கிழமை அனுப்பிவிடுவார்கள். முட்டி அறுவை நன்றாக முடிந்தது. கொஞ்ச நாளைக்குப் படி ஏறக் கூடாதாம். எங்கள் வீடு இரண்டாவது மாடி. சேகர் மாமா, உங்கள் கீழ் அறை கிடைக்குமா?

மாலதி: இதென்ன கேள்வி திவ்யா. அண்ணி இங்கேதான் வர வேண்டும். அறைதான் காலியாக இல்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்.

கார்த்தி: சித்தப்பாவின் அலமாரி

கணேசன்: எந்த அலமாரி

கார்த்தி: சத்தம் போடுகிற அலமாரி அப்பா

கணேசன்: அது இன்னும் இருக்கிறதா

மாலதி: இருக்கிறதாவா? வளர்ந்திருக்கிறது மாமா.

சேகர்: அக்கா வருவது எனக்குச் சந்தோஷம். அறையைத் தர மறுப்பே இல்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், அது நான்கு பேர் பிடித்துத் தள்ளுகிற பீரோ இல்லை, நானே செய்த சிந்தசைசர், மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் இசைக்கருவி. நிவேதாவின் பதிவுக்காக இப்போது அதில் ஒரு பேட்ச், அதாவது கேபிள் இணைப்பு, போட்டு வைத்திருக்கிறேன். ஒலியைப் பிறப்பிக்கும் ஆஸிலேட்டரிலிருந்து அதை வடிகட்டும் ஃபில்டர், ஃபில்டரிலிருந்து ஒலியைத் தாமதித்துத் தரும் டிலே, அங்கிருந்து கம்பிச் சுருளால் முழக்கம் சேர்க்கும் ஸ்பிரிங் ரிவெர்ப் என்று முன்னால் தொங்குகிற ஒவ்வொரு கேபிளும் அந்த ஒலியின் ஒரு பகுதி. இதில் சேமித்து வைக்கப் பொத்தான் கிடையாது. கேபிளை உருவினால் ஒலி போயிற்று. குறித்து வைத்துத் திரும்பப் போட்டாலும் ஒரு குமிழ் மயிரிழை தள்ளி நின்றால் வேறு ஒலிதான் வரும்.

கார்த்தி: போட்டோ எடுத்துக்கொள்ளலாமே

நிவேதா: எடுத்தேன். [படம்]

கார்த்தி: எல்லாக் கேபிளும் கறுப்பு!

நிவேதா: அதைத்தான் அப்பாவிடம் முதலிலேயே சொன்னேன்

சேகர்: கறுப்புதான் பார்வைக்கு அடக்கமாக இருக்கும்.

மாலதி: அடக்கம்.

திவ்யா: மாமா, நிவேதாவின் பதிவு எப்போது முடியும்?

நிவேதா: வெள்ளி இரவு முடித்துவிடுவேன் அக்கா. அதுவரை யாரும் தொடாமல் இருந்தால் போதும்.

கணேசன்: இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று யோசிக்கிறேன். முதலில் ஒரு சோப்புப் பெட்டி அளவில்தானே இருந்தது

சேகர்: அது கார்த்திக்காகச் செய்தது அண்ணா. கிதாருக்கு ஃபஸ், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டி, வேண்டும் என்று கேட்டான். 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெட்டியின் சர்க்யூட், உள்ளே இரண்டே டிரான்சிஸ்டர். அதைச் செய்ததும் ஒரு டிலே வேண்டும் என்றான்.

மாலதி: அப்படியானால் கார்த்திதான் காரணம்.

கார்த்தி: சித்தி, நான் கேட்டது ஒன்று. செய்தது ஒரு சுவர்.

சேகர்: பெரிது பெரிது என்று சொல்கிறவர்களுக்காக. தேடியஸ் கேஹில் என்பவர் செய்த டெல்ஹார்மோனியம் 1906இல் நியூயார்க்கில் நின்றபோது அதன் எடை ஏறத்தாழ 200 டன். ஆம்பிளிஃபையரே இல்லாத காலம். அதனால் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு டைனமோவைச் சுழற்றி, வருகிற மின்சாரத்தை நேராகத் தொலைபேசிக் கம்பியில் விட்டார். சந்தாதாரர்கள் ரிசீவரில் கேட்டார்கள். பக்கத்துக் கம்பியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் காதிலும் இசை புகுந்து சண்டையாயிற்று. ஸ்டீவி வொண்டரின் பதிவுகளில் வருகிற டோன்டோ என்ற சிந்தசைசர், ஆளைச் சுற்றி அரைவட்டமாக நிற்கும். இவற்றோடு பார்த்தால் என்னுடையது குழந்தை.

மாலதி: பக்கத்து வீட்டார் காதில் புகுவது மட்டும் இங்கேயும் உண்டு.

கணேசன்: சுரத்துக்கு ஒரு டைனமோவா

சேகர்: ஆமாம் அண்ணா. ஹேமண்ட் ஆர்கனும் அதே யோசனைதான், சின்னதாக.

திவ்யா: கட்டில் எந்தப் பக்கம் போடலாம்? அதை முடிவு செய்துவிடலாமா

கார்த்தி: வெள்ளி இரவு நான் வந்து பிளக்கைப் பிடுங்கிக் கழற்ற ஆரம்பிக்கிறேன்

சேகர்: நீ தொடாதே கார்த்தி. அடித்தட்டில் வால்வு ஆம்ப் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் அதன் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மல்டிமீட்டரில் பார்த்து, ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே கை போக வேண்டும். மேல்தட்டுகளில் அந்தப் பயம் இல்லை, ப்ளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் மட்டும்தான். ஆனால் ஒவ்வொரு பேனலுக்கும் பின்னால் ஒரு நாடாக் கேபிள் போகிறது. அதன் சிவப்புக் கோடு மைனஸ் 12 பக்கம் இருக்க வேண்டும். திருப்பிச் செருகினால் ஐசி சில்லு புகைந்துவிடும். போன வருடம் அப்படிச் செருகியது யார் என்று நான் சொல்லப் போவதில்லை.

கார்த்தி: சொல்லிவிட்டீர்கள்

நிவேதா: அந்த ஃபில்டர் இன்னும் வேலை செய்யவில்லை கார்த்தி அண்ணா

கணேசன்: கதவு அகலம் என்ன

சேகர்: எதற்கு அண்ணா

கணேசன்: பெட்டி வெளியே வர வேண்டாமா

கார்த்தி: சித்தப்பா?

கார்த்தி: சித்தப்பா டைப் செய்துகொண்டே இருக்கிறார்

மாலதி: அவருக்குப் பதில் நான் சொல்கிறேன். அதை அறைக்குள் வைத்தேதான் செய்தார். பலகையாக உள்ளே போனது. முழுசாக வெளியே வந்ததே இல்லை.

கணேசன்: திருகா பசையா

சேகர்: இரண்டும்.

கணேசன்: அப்பா இருந்திருந்தால்

கீதா: அண்ணா, அப்பாவை இழுக்காதீர்கள். இழுத்தால் ரேடியோவும் வரும்.

திவ்யா: அம்மா நீ தூங்கு

கணேசன்: வரட்டுமே. அப்பா தினமும் கேட்ட ரேடியோ. திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு இடம் காலி.

சேகர்: அது பல வருடமாகப் பரணில் கிடந்தது அண்ணா. உள்ளே இருந்தவை ஏசி 128, ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். இப்போது வருகிறவை எல்லாம் சிலிக்கான். ஜெர்மேனியம் ஃபஸ்ஸில் கிதாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் கரகரப்பு அடங்கி ஒலி சுத்தமாகும், அந்த நயத்துக்குத்தான் இன்றும் அதைத் தேடுகிறார்கள். ஒரே குறை, சூடு ஆகாது. வெப்பம் ஏறினால் உள்ளே மின்கசிவு கூடி டிரான்சிஸ்டர் நிலை மாறிவிடும். மதியம் ஒரு குரல், இரவு ஒரு குரல். அதனால் மீட்டர் வைத்துக் கசிவு குறைந்ததாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். அப்பா ரேடியோவில் இருந்த இரண்டும் அவ்வளவு அருமையானவை. சும்மா கிடந்து வீணாவதை விட

கீதா: சும்மா கிடக்கவில்லை. சன்னமாகப் பாடியது.

கணேசன்: பாடியது

சேகர்: யாரும் கேட்கவில்லையே.

மாலதி: சரி சரி. இந்த விஷயத்தைப் போன முறையே பேசி முடித்தோம்.

கணேசன்: முடிக்கவில்லை

திவ்யா: கட்டில்.

கணேசன்: [முன்னனுப்பிய செய்தி] உலோக மூட்டு உள்ளவர்கள் மின்கருவிகளின் பக்கத்தில் படுக்கலாமா? கட்டாயம் படியுங்கள்

திவ்யா: பெரிய மாமா, இதெல்லாம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து அம்மா இருக்கும் குழுவில் போடாதீர்கள்.

கீதா: நான் படித்துவிட்டேன்

நிவேதா: அப்பா, மூலையில் இருக்கிற தெரமின் என்ன ஆகும்? அது தனிப் பெட்டிதானே, அங்கேயே இருக்கட்டுமா?

கணேசன்: தெரமின் என்றால்

சேகர்: தொடாமலே வாசிக்கிற கருவி அண்ணா. 1920 வாக்கில் லெவ் தெரமின் என்ற ரஷ்ய இயற்பியலாளர் கண்டுபிடித்தார். உள்ளே காதுக்கு எட்டாத இரண்டு உயர் அலைகள். ஒன்று நிலையாக ஓடும். ஆன்டெனாவின் பக்கத்தில் உடம்பு வந்தால் இன்னொன்று சற்று மாறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குக் கேட்கிற சுரம். கை நெருங்க நெருங்கச் சுரம் ஏறும். முழு ஆளே நடந்தாலும் மாறும்.

கார்த்தி: அத்தை ராத்திரி எழுந்தால் அதுவே கத்தும். அழைப்பு மணி வைக்க வேண்டாம்.

கீதா: நான் எழுந்தால் எல்லோருக்கும் தெரிய வேண்டுமா?

திவ்யா: அம்மா, அது நல்லதுதான்

கீதா: நல்லதில்லை

நிவேதா: நான் வால்யூமைக் குறைத்து வைக்கிறேன் அத்தை 😄

மாலதி: தெரமின் கத்தினால்கூடப் பரவாயில்லை. இரவெல்லாம் 'கீ' என்று ஒரு சத்தம் வருகிறதே, அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

சேகர்: எந்தச் சத்தம்? எனக்குக் கேட்கவில்லை.

நிவேதா: உங்களுக்குக் கேட்காது அப்பா. எனக்குக் கேட்கிறது.

சேகர்: ஓ, டிலேயின் கிளாக்காக இருக்கும், அதன் வேகத்தை நடத்துகிற மின்துடிப்பு. அதில் நான்கு எம்என் 3005 ஐசி வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் 4096 சின்னக் கெப்பாசிட்டர்கள். தீப்பிடித்த இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதைப் போல ஒலியின் அளவை ஒன்று அடுத்ததிடம் தள்ளும், வாளி வரிசை என்றேதான் பெயர். 1969இல் பிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த யோசனை. கிளாக் 10 கிலோஹெர்ட்ஸ் ஓடினால் ஓர் ஐசிக்குச் சுமார் 205 மில்லி நொடி தாமதம், நான்குக்கும் சேர்த்து 800க்கு மேல். தாமதம் வேண்டும் என்றால் கிளாக்கை மெதுவாக்க வேண்டும். மெதுவாக்கினால் அதன் கீச்சொலி காதின் எல்லைக்குள் வந்துவிடும். அதை அடக்க ஒரு ஃபில்டர். ஃபில்டரை இறுக்கினால் ஒலி மங்கும். மங்கின ஒலிதான் அழகு, அதற்காகத்தான் இன்றும் இதைச் செய்கிறோம்.

மாலதி: நிறுத்த முடியுமா முடியாதா

சேகர்: ஃபில்டரைக் கொஞ்சம் இறுக்கலாம்.

நிவேதா: பதிவு முடியட்டும் அப்பா

கார்த்தி: அல்லது சுவிட்சை அணைக்கலாம்

சேகர்: அணைத்து அணைத்துப் போட்டால் ஆஸிலேட்டர்கள் சூடேறி நிலைப்படும் வரை சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும் என்பது கணக்கு. அப்படியானால் அரைச்சுரத்துக்கு 83 மில்லிவோல்ட்தான். அதில் கொஞ்சம் பிசகினாலே காது சொல்லிவிடும்.

மாலதி: இத்தனை மாதம் இரவு முழுக்க அது எரிவதற்குக் காரணம் இதுதானா

(சேகர் ஒரு செய்தியை நீக்கினார்)

கார்த்தி: நான் படித்துவிட்டேன் சித்தப்பா

திவ்யா: யாராவது ஒரு வழி சொல்லுங்கள். சனிக்கிழமை மதியம் அம்மாவோடு வாசலில் நிற்பேன்.

கணேசன்: பெட்டியை அறுத்துவிடலாம்

சேகர்: அண்ணா!

கார்த்தி: அறுக்க வேண்டாம். பேனல்களை வரிசை வரிசையாகக் கழற்றி ஹாலில் வைக்கலாம். கூடு மட்டும் அறையில் நிற்கட்டும். அத்தையின் மருந்து, துணி எல்லாம் அதில் வைத்துக்கொள்ளலாம்.

மாலதி: இது நன்றாக இருக்கிறது.

சேகர்: ஹாலில் எங்கே? டிவி பக்கத்தில் ரிவெர்ப்பின் ஸ்பிரிங் தொட்டியை வைக்க முடியாது. அதன் சுருள் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்பார்மரின் இரைச்சலை எல்லாம் இழுத்துக்கொள்ளும். யாராவது காலால் இடித்தாலும் இடி விழுந்த சத்தம் வரும்.

மாலதி: அது எனக்குத் தெரியும். பூனை குதித்த இரவு எல்லோருக்கும் தெரியும்.

நிவேதா: என் அறைக்குக் கொண்டுபோகலாம் அப்பா

சேகர்: மாடிக்கா? அந்த டிரான்ஸ்பார்மரை யார் தூக்குவது?

கார்த்தி: நான் தொடக் கூடாதே

சேகர்: தூக்கலாம். நாடாவைத்தான் தொடாதே.

மாலதி: கூடு நின்ற இடத்திலேயே நின்றால் எனக்கு ஒரு விதத்தில் நல்லது. நகர்த்தினால் கீழே தரை தெரியும்.

கணேசன்: தரைக்கு என்ன

மாலதி: பெரிக் குளோரைடு மாமா. தாமிரத் தகடு அரிக்கிற தண்ணீர். துடைத்தால் போகாத பழுப்பு. அதற்கு மேல்தான் பெட்டியைச் செய்து நிறுத்தினார்.

சேகர்: அந்த இடத்தில் செய்தது வெளிச்சத்துக்காக.

கீதா: எனக்கு ஜன்னல் பக்கம் கட்டில் வேண்டும். அவ்வளவுதான்.

சேகர்: ஜன்னல் பக்கம்தான் அக்கா அந்த

திவ்யா: ஜன்னல் பக்கம். சரி. நான் குறித்துக்கொள்கிறேன்.

கார்த்தி: அப்போ வெள்ளி இரவு நிவேதா முடித்ததும் நான் வருகிறேன். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் யாரிடம்?

சேகர்: என்னுடையது அண்ணாவிடம். வாங்கிப் போய் ரொம்ப நாளாயிற்று.

கணேசன்: அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்

சேகர்: இல்லை அண்ணா

கணேசன்: ரேடியோவைத் திருப்பிக் கொடு, தேடித் தருகிறேன்

திவ்யா: நான் ஒன்று வாங்கி வருகிறேன்

நிவேதா: பதிவில் ஒரு பகுதி திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்போலத் தெரிகிறது. சனி காலை வரை ஆகலாம். சொல்லிவைக்கிறேன்.

மாலதி: நிவேதா கீழே வா.