பி.இ. படித்துக்கொண்டே சிபிஎல் முடிக்க முடியுமா?

மெக்கானிக்கல்_பையன்:
வணக்கம். கோவையில் பி.இ. மெக்கானிக்கல், ஐந்தாம் செமஸ்டர். சிபிஎல் (சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான லைசென்ஸ்) வாங்கி ஏர்லைனில் பைலட்டாகச் சேர வேண்டும் என்று ஆசை. டிகிரியை விடக் கூடாது என்கிறார் அப்பா. பணம் போடப்போவதும் அவர்தான். சனி, ஞாயிறு சேலம் போய்ப் பறந்துவிட்டு வார நாட்களில் கல்லூரிக்குப் போகலாமா? இல்லை, ஒரு வருடம் பிரேக் ஆஃப் ஸ்டடி போட்டுப் பறந்து முடித்துவிட்டுத் திரும்பலாமா? இரண்டு அரியர் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வலதுசீட்டு:
தம்பி, நான் ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. பி.இ. முடித்த பிறகுதான் பறக்கப் போனேன்.

முதலில் வார இறுதிக் கணக்கு. சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சனிக்கிழமை ஒரு மணி நேரம், ஞாயிறு ஒரு மணி நேரம் என்று தவறாமல் பறந்தாலே நூறு வாரம் ஆகும். தவறாமல் என்பது நடக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். விமானம் மெயின்டெனன்ஸுக்குப் போகும். வெயில் ஏறினால் சின்ன விமானம் குலுங்கும், அதனால் காலை நேரத்துக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள்; முழு நேரப் பயிற்சியில் இருப்பவனுக்கே அது எளிதில் கிடைக்காது. இதில் வாரக்கடைசிக்கு மட்டும் வருகிற உனக்கு எங்கே கிடைக்கும்?

இன்னொன்று, கை மறந்துபோகும். செமஸ்டர் தேர்வுக்காக மூன்று வாரம் விட்டுவிட்டு செஸ்னா 172 பயிற்சி விமானத்தில் போய் உட்கார்ந்து பார். இறங்க ஓடுதளத்தை நோக்கி வருகிற அப்ரோச் ஒழுங்காக வரும். ஓடுதளம் நெருங்கி மூக்கைத் தூக்குகிற இடத்தில்தான் சொதப்பும். கொஞ்சம் சீக்கிரம் இழுப்பாய், விமானம் இறங்காமல் மிதக்கும், வேகம் குறையும், பக்கத்திலிருந்து இன்ஸ்ட்ரக்டர் கை நீளும். அன்றைக்குத் தனியாகப் பறக்கும் சோலோ கிடையாது. பழைய பாடத்தையே மறுபடி பறக்கவேண்டியதுதான், மீட்டர் மட்டும் ஓடும். இழுத்துக்கொண்டே போனால் விதியும் இடிக்கும்: அந்த 200 மணி நேரமும் விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் பறந்ததாக இருக்க வேண்டும்.

பிரேக் யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லைசென்ஸோடு கல்லூரிக்குத் திரும்பி வந்து என்ன செய்வாய்? வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். நீ ஹீட் டிரான்ஸ்ஃபர் அரியர் எழுதிக்கொண்டிருக்கும்போது அது காலாவதியாகும். புதுப்பிக்க மறுபடி பணம்.

அதனால் பறப்பதைப் பிறகு ஒரே மூச்சில் வைத்துக்கொள். சிபிஎல்லுக்கான எழுத்துத் தேர்வுப் பேப்பர்களை இப்போதே எழுதத் தொடங்கு. நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைதான், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். எஞ்சின், ஏரோடைனமிக்ஸ் எல்லாம் உனக்குத் தண்ணி பட்ட பாடு. ரெகுலேஷன்ஸ் வெறும் மனப்பாடம், பஸ்ஸில் படிக்கலாம். நேவிகேஷனுக்கு மட்டும் மேஜை, பென்சில், வட்டக் கணிப்பான் (வேகம், தூரம், காற்று கணக்குப் போடும் வட்டத் தகடு) எல்லாம் வைத்துக்கொண்டு தினமும் உட்கார வேண்டும். 60 மைல் போனதில் 4 மைல் விலகியிருந்தால் 4 டிகிரி பிசகு என்பதை யோசிக்காமலே சொல்ல வர வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மெடிக்கல். விமானிக்கான மருத்துவச் சான்றிதழில் முதல் படியான கிளாஸ் 2 முடித்து, சிபிஎல்லுக்கு வேண்டிய கிளாஸ் 1-உம் வாங்கிவிடு. நிறக்குருடு இருப்பது அங்கே போய்த்தான் தெரிந்தது என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. கண்ணாடி போட்டிருந்தால் பயப்படாதே, கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும்.

சீனியாரிட்டி_முக்கியம்:
அண்ணன் சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். லைசென்ஸ் கொடுக்கும் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) டிகிரி கேட்பதில்லை, பன்னிரண்டில் கணிதம், இயற்பியல் இருந்தால் போதும். ஏர்லைனில் எந்தத் தேதியில் சேர்ந்தாய் என்பதை வைத்துத்தான் பின்னால் கேப்டன் ஆகும் வரிசை. இரண்டு வருடம் தள்ளினால் இருநூறு பேர் முன்னால் போய்விடுவார்கள். டிகிரி வேண்டுமென்றால் தொலைதூரக் கல்விக்கு இக்னோவில் சேரலாம், மூன்று வருடப் படிப்பை ஆறு வருடம் வரை நீட்டிக்கொள்ளலாம்.

வலதுசீட்டு:
வரிசை உண்மைதான், ஆள் எடுக்கிற காலத்தில். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அடுத்த வருடம் மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானமே பறக்கவில்லை. அப்போது புதுசாக லைசென்ஸ் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களுக்கு வரிசையில் முன்னால் நின்று என்ன பயன்? என் பேட்சில் பி.இ. இருந்தவன் ஐ.டி. வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில் ரேட்டிங்கைப் புதுப்பித்துக்கொண்டான். டிகிரி இல்லாதவன் வீட்டில் கேட்டு வாங்கினான். இக்னோ யோசனை தப்பில்லை, ஆனால் ஐந்தாம் செமஸ்டர் வரை வந்தவனுக்கு அது எதற்கு?

பயிற்சிமாணவனின்_அம்மா:
கடன் பற்றி யாரும் பேசவில்லையே. எங்களிடம் வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். முதல் நாளே மொத்தப் பணத்தையும் பயிற்சி நிலையத்தில் கட்டிவிடாதீர்கள் தம்பி. பறக்கப் பறக்கக் கட்டும்படி பேசிக்கொள்ளுங்கள். எத்தனை விமானம் ஓடும் நிலையில் இருக்கிறது, மாணவர் எத்தனை பேர் என்று நேரில் போய்ப் பாருங்கள். என் மகன் சேர்ந்த இடத்தில் ஹேங்கரில் நின்றதில் பாதி பறக்கிற நிலையில் இல்லை.

மெக்கானிக்கல்_பையன்:
நன்றி அண்ணா, நன்றி அம்மா. அப்பாவிடம் இதை அப்படியே காட்டப்போகிறேன். கிளாஸ் 2-க்கு எந்த டாக்டரிடமும் போகலாமா?

வலதுசீட்டு:
கூடாது. டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டர்கள் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. முதலில் அவர்களுடைய ஆன்லைன் விண்ணப்பத் தளமான இ-ஜிசிஏ-வில் கணக்குத் திறந்துகொள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே மாதிரி ஆதாரிலும் இருக்கிறதா என்று இன்றைக்கே பார். நம் ஊர் இனிஷியலை அவர்கள் படிவத்தில் நுழைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.