புதுப்பிப்பு: விளக்கு எரிகிறது, வாய்க்கால் மிச்சம்

எங்கள் வட்டாரத்துத் தெருவிளக்கு, காலைப் பஸ், வெள்ள வாய்க்கால் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். விளக்குகள் எரிகின்றன. பஸ் விஷயம் இன்னும் இழுபடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காத்து நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை, விடமாட்டேன்.

வாய்க்கால்தான் பெரிய வேலை. இலங்கையில் ஏ, பி தரப் பெருவீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கும் உரியவை. ஒழுங்கைகள்தான் பிரதேச சபைக்கு. வாய்க்காலோ மூன்றையும் கடந்து போகிறது. வாய்க்காலில் எங்கள் பகுதியை ஐப்பசி மழைக்கு முன் துப்புரவாக்கியே ஆகவேண்டும்.

இன்னொன்று, புது வீடு கட்டுபவர்களுக்கு. எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல்; மலக்குழிக் கழிவு வெடிப்புகள் வழியே சுறுக்காகக் கிணற்றுக்குப் போய்விடும். அதனால் வீட்டு வரைபடத்தில் பக்கத்து வளவுக் கிணற்றையும் தயவுசெய்து குறியுங்கள்.