83 நிமிடப் பாட்டைத் தட்டில் எங்கே வெட்டுவது? டூம், ஸ்லட்ஜ் புது வெளியீடுகள் வாங்குவோர் கண்டவை

கீழ்ச்சுதி:
டூமும் ஸ்லட்ஜும் மெதுவான, கனத்த மெட்டல் இசை வகைகள். புது டூம் ஆல்பம் அறிவிப்பு வந்ததும் எல்லார் கண்ணும் அட்டைப்படத்துக்கும் வினைல் தட்டின் நிறத்துக்கும்தான் போகிறது. முதலில் பார்க்க வேண்டியது ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்பதை. 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வரை நிம்மதியாகத் தாங்கும். அதற்கு மேல் போனால் முள் ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். பேஸ் கனமான இசையில் பள்ளம் அகலமாக ஆடும் என்பதால் நெருக்க இடம் இருக்காது. வேறு வழியில்லாமல் ஒலியளவைக் குறைத்து வெட்டுவார்கள். நாம் ஆம்ப்பைத் திருகி ஏற்றும்போது பாட்டோடு சேர்ந்து தட்டின் இரைச்சலும் ஏறும்.

சியாட்டிலின் பெல் விட்ச் குழு 2017இல் வெளியிட்ட ‘மிரர் ரீப்பர்’ முழுக்க ஒரே பாட்டு, 83 நிமிடம். கிட்டார் கிடையாது, பேஸும் டிரம்ஸும் குரலும் ஆர்கனும்தான். நான்கு பக்கத்துக்குப் பிரித்தால் பக்கத்துக்கு 21 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆக அளவு சரி. ஆனால் பாட்டு மூன்று இடத்தில் அறுபடும். சிடியிலும் தப்ப முடியாது, ஒரு வட்டின் கொள்ளளவே 80 நிமிடம்தான். அறுபடாமல் வேண்டுமென்றால் ஃப்ளாக் (தரம் குறையாத டிஜிட்டல்) கோப்பு வாங்குங்கள்.

முள்முனை:
நிமிடக் கணக்கு பாதிக் கதைதான் ஜி. தட்டு சுற்றும் வேகம் மாறாது, ஆனால் முள்ளுக்குக் கீழே ஓடும் பள்ளத்தின் நீளம் உள்ளே போகப் போகச் சுருங்கும். வெளி விளிம்பில் நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர், லேபிளுக்குப் பக்கத்தில் 21 சொச்சம். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் அடைபடுவதால் டிரம்ஸின் சிம்பலும் பாடகரின் அலறலும் அங்கே கரகரக்கும். டூம் பாட்டின் வழக்கமோ மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் மலையாகச் சரிவது! உச்சம் சரியாகத் தட்டின் மிக மோசமான இடத்தில் வந்து விழுகிறது. 20 நிமிடத்துக்குள் முடித்து, லேபிளைச் சுற்றிக் கணிசமான வெற்றிடம் விட்ட தட்டு கிடைத்தால் விடாதீர்கள்.

கீழ்ச்சுதி:
ஒத்துக்கொள்கிறேன். ஒரு விலக்கு உண்டு. சன் குழுவின் ‘லைஃப் மெட்டல்’, 2019. ஸ்டீவ் அல்பினி டேப்பில் பதிவு செய்தது. நான்கு பாட்டு, நான்கு பக்கம்; கடைசிப் பாட்டு மட்டும் 25 நிமிடத்தைத் தாண்டும். டிரம்ஸ் இல்லை, எனவே கரகரக்க சிம்பலும் இல்லை. அந்த மாதிரி ஒரே ஸ்வரத்தை நீட்டி இழுக்கும் ட்ரோன் இசைக்கு உள்வட்டம் அவ்வளவாகக் கெடுதல் செய்யாது.

நத்தைவேகம்:
பழசை மறுபதிப்பா வாங்குறவங்களுக்கு ஒண்ணு. ஸ்லீப்ங்கிற டூம் குழுவோட ஒரு மணி நேரப் பாட்டு 1999இல் ‘ஜெருசலேம்’ங்கிற பேர்ல வந்தப்ப 52 நிமிஷம்தான், அதையும் ஆறு துண்டா நறுக்கி வச்சிருந்தாங்க. 2003இல் ‘டோப்ஸ்மோக்கர்’னு வந்ததுதான் 63 நிமிஷம். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு பழைய தட்டுக்குக் காசைக் கொட்டாதீங்க. 63ஐ மூணு பக்கத்துக்குப் பிரிச்சா 21. மிஞ்சுற நாலாவது பக்கத்துல எந்தப் பாட்டை வச்சிருக்காங்கன்னு பார்த்தே எந்தப் பதிப்புன்னு சொல்லிடலாம்.

அப்புறம் பிக்சர் டிஸ்க், அதாவது படம் பதிச்ச தட்டு. சுவத்துல மாட்ட அழகு. கேட்க வேணாம், இரைச்சல் கூடுதல்.

கறுப்புவெள்ளி:
ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் முதலில் கிராஸ்ஃபேடை (ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி) அணையுங்கள். பிளட் இன்கான்டேஷன் குழுவின் ‘ஆப்சல்யூட் எல்ஸ்வேர்’ ஆல்பம் 2024 அக்டோபர் 4 அன்று வந்தது, பெர்லினின் ஹன்சா ஸ்டூடியோவில் பதிவானது. அதில் இருப்பது இரண்டே பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று பகுதி. பட்டியலில் ஆறு டிராக்காகத் தெரியும். கிராஸ்ஃபேட் 5 நொடியில் இருந்தால் பகுதிகள் சேரும் இடமெல்லாம் குழம்பிப்போகும். தட்டில் இந்தத் தொல்லையே இல்லை, பக்கத்துக்கு ஒரு பாட்டு. இப்படித் திட்டமிட்டு எழுதுகிறவர்கள் குறைவு.

வாங்குவதென்றால், குழுக்கள் தங்கள் இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளம் அவ்வப்போது அறிவிக்கும் ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’க்குக் காத்திருங்கள். மற்ற நாளில் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் தட்டு, சட்டையில் 10 சதவீதமும் எடுக்கும். அன்று தன் பங்கை விட்டுக்கொடுக்கும். அமெரிக்க மேற்குக் கரை நேரக் கணக்கு என்பதால் இந்தியாவில் கோடையில் பகல் 12.30க்கும், குளிர்காலத்தில் 1.30க்கும்தான் தொடங்கும். காலையில் எழுந்ததும் வாங்கிவிட்டால் பயனில்லை.

முள்முனை:
தட்டு வந்த பிறகு வரும் சிக்கல் ஒன்று பாக்கி. சி சுதிக்கு இறக்கிய கிட்டாரின் கடைசித் தந்தி 65 ஹெர்ட்ஸ், பேஸ் 33 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் இருக்கும் அதே மேசையில் டர்ன்டேபிளையும் வைத்தால், இழுத்துப் பிடிக்கும் ஒரு ஸ்வரம் மேசையை அதிர வைக்கும், முள் அதையும் படிக்கும், அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். ‘ஊ’வென்று ஒரு ஊளை ஏறிக்கொண்டே வரும். இதைத் தட்டின் குறை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. டர்ன்டேபிளைத் தனி இடத்தில், முடிந்தால் சுவரில் அடித்த பலகையில் வையுங்கள். பாட்டே ஓடாத இடத்திலும் ஊஃபர் (ஸ்பீக்கரில் பேஸ் தரும் பெரிய கூம்பு) முன்னும் பின்னும் ஆடினால் தட்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். டர்ன்டேபிளை இணைக்கும் ஃபோனோ ஆம்பில், காதுக்குக் கேட்காத அடி அதிர்வை வடிக்கும் சப்சானிக் ஃபில்டர் இருந்தால் போடுங்கள்.

முள் தாவினால் உடனே அது தட்டை அழுத்தும் எடையைக் கூட்டாதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கிறதா என்று சின்னத் தராசில் பாருங்கள். முள் பொருந்திய கார்ட்ரிட்ஜ் ஆடியோ டெக்னிகா விஎம்95இ என்றால் 2.0 கிராம், ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் என்றால் 1.8.

நத்தைவேகம்:
ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு ‘மிக்ஸிங் சொதப்பல், பேஸே இல்ல’ன்னு எழுதுறவங்களையும் சேர்த்துக்குங்க அண்ணே. அந்த 33 ஹெர்ட்ஸ் அதுல வரவே வராது. ராத்திரி சத்தம் குறைச்சுக் கேட்டாலும் காது முதல்ல பேஸைத்தான் விடும். அப்ப மட்டும் பேஸ் குமிழைக் கொஞ்சம் ஏத்திக்கிட்டா தப்பில்ல, காலையில மறக்காம இறக்கிடுங்க.