.308 குண்டு எங்கும் கிடைக்கவில்லை, இருப்பதை வைத்து எப்படி ஓட்டுவது?

கொங்குத்தம்பி_ஆஸ்டின் (மார்ச் 2021)

வணக்கம். டெக்சஸில் ஆஸ்டின் பக்கம் இருக்கிறேன். .308 வின்செஸ்டர் போல்ட் ரைபிள், பேரலுக்குள் ஓடும் திருகு வரியின் ட்விஸ்ட் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. தோட்டாவை நானேதான் அடைத்துக்கொள்கிறேன்: காலிப் பித்தளைக் கூட்டில் தீப்பற்றவைக்கும் பிரைமரையும் பவுடரையும் போட்டு, வாயில் குண்டை உட்காரவைப்பது. என் லோடு (எந்தக் குண்டுக்கு எவ்வளவு பவுடர், எவ்வளவு நீளம் என்ற கணக்கு) எல்லாமே சியரா மேட்ச்கிங் 168 கிரெயின் எடைக் குண்டை வைத்துத் தேற்றியது.

பித்தளை நிறைய இருக்கிறது. பவுடர் ஒரு ஜாடி முழுசாக இருக்கிறது. பிரைமரும் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். குண்டுதான் இல்லை. ஒரே ஒரு டப்பா மீதி, அதுவும் உடைத்தது. கடைக்குப் போனால் அலமாரி காலி. இணையத்தில் "வந்துவிட்டது" என்று மின்னஞ்சல் வருகிறது, கார்டு எண்ணை அடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது.

நவம்பரில் மான் சீசன். அதுவரை 200, 300 கெஜத்தில் சுட்டுப் பழகுவதையும் விட மனமில்லை. கேட்க நினைப்பது இதுதான். வேறு கம்பெனியின் 165, 168 கிடைத்தால் அதே பவுடர் அளவைப் போடலாமா? இராணுவத் தோட்டாவிலிருந்து பிடுங்கிய 147 கிரெயின் குண்டு ஒருவர் விற்கிறார், வாங்கலாமா? ஈயம் வார்ப்பது நமக்குச் சரிப்பட்டு வருமா?

ஜெர்சி_செல்வம்

இங்கேயும் அதே நிலைமைதான் நண்பரே. பெரிய கடைகளை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே விவசாயச் சாமான் விற்கும் கடை, பழைய ஹார்டுவேர் கடை மாதிரி இடங்களில் கேட்டுப் பாருங்கள். பின்பக்கம் தூசி படிந்த டப்பா கிடைக்கும். இன்னொன்று, பவுடருக்கும் பிரைமருக்கும் அபாயப் பொருள் கட்டணம் உண்டு, குண்டுக்குக் கிடையாது. அதனால் ஒரே ஒரு டப்பா என்றாலும் தபாலில் வரவழைக்கலாம்.

ஐடஹோ_அண்ணாச்சி

தம்பி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. டப்பாவில் அதே 168 என்று போட்டிருந்தாலும் கூடாது.

எடை ஒன்றாக இருந்தால் குண்டு ஒன்றாகிவிடாது. பேரல் சுவரை உரசிக்கொண்டு போகும் பக்கத்தின் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மேலுறையின் கெட்டித்தன்மை வேறு. மூக்கு வளைவு வேறு, அதனால் பேரலின் திருகு வரியை (ரைபிளிங்கை) எங்கே தொடுகிறது என்பதும் வேறு. நீ வைத்திருக்கும் மேட்ச்கிங் 168ஐயும் ஹார்னடி இ.எல்.டி. மேட்ச் 168ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஹார்னடி பிளாஸ்டிக் மூக்கோடு நீளமாக நிற்கும். பார்ன்ஸ் 168 முழுச் செம்பு. செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்கு இன்னும் நீளம் வேண்டும். மொத்த நீளம் மாகஸினுக்குள் அடங்க வேண்டும், .308க்கு 2.810 அங்குலம்தான் உச்சம். அப்போது அந்தக் கூடுதல் நீளம் எங்கே போகும்? கேஸுக்குள், அதாவது பித்தளைக் கூட்டுக்குள்தான் இறங்கும். பவுடருக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறும். நீ பழைய குண்டுக்கு உச்சத்தை ஒட்டி வைத்திருந்த அளவு, புதுக் குண்டுக்கு உச்சத்தைத் தாண்டியிருக்கலாம்.

ஆகவே எந்தக் குண்டோ அந்தக் குண்டுக்கான லோடு கையேட்டைத் திற, தொடக்க அளவிலிருந்து ஏறு. போல்ட் கைப்பிடி தூக்கக் கனத்தாலும், பிரைமர் தட்டையாகப் பரந்தாலும், வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் வேகம் கையேட்டைத் தாண்டினாலும் அங்கேயே நிறுத்து. நீளத்தைக் குண்டின் நுனியிலிருந்து அளக்காதே. கம்பாரேட்டர் ஒன்று வாங்கி வளைவிலிருந்து அள. தட்டுப்பாட்டுக் காலத்தில் குண்டு மாறிக்கொண்டே இருக்கும், அந்தச் சின்னக் கருவி இல்லாமல் ஒரு லோடும் ஒழுங்காக நிற்காது.

இரண்டாவது, உன் தேவையைப் பிரி. மேட்ச்கிங் மானுக்கான குண்டே அல்ல, வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை என்று சியராவே சொல்கிறது. தட்டுப்பாடு இல்லாவிட்டாலும் சீசனுக்கு நீ வேறு குண்டு தேடித்தான் ஆகவேண்டும். அதற்கு எத்தனை வேண்டும்? லோடு தேற்ற, ஜீரோ வைக்க (குறியைச் சரிசெய்ய), சுட எல்லாம் சேர்த்து ஒரு டப்பா தாராளம். மிச்சத்தைத் தின்பது பழக்கச் சுடுதல்தான். அந்தப் பழக்கத்துக்கு மேட்ச் குண்டு வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தேவைக்கு மேல் யோசிக்காமல் விலை ஏறும் முன்னால் கிடைத்ததையெல்லாம் வாங்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஐந்து விதத்தில் ரகத்துக்கொரு டப்பா. அது பணத்துக்குக் கேடு. புது ரகம் ஒவ்வொன்றுக்கும் லோடு தேற்றவே பாதி டப்பா போய்விடும். ஐம்பது குண்டு மட்டும் கிடைத்தால் நான் தொடவே மாட்டேன். சாதாரண ரகமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் 300, 400 கிடைக்கும் இடத்தைப் பார். மேட்ச் குண்டு முதலில் காலியாகும். அதே அலமாரியின் கீழ்த்தட்டில் ஹார்னடி இன்டர்லாக் 150, ஸ்பியர் ஹாட்கோர் 150 மாதிரி பழைய வேட்டைக் குண்டுகள் யாரும் எடுக்காமல் இருக்கும். 200 கெஜம் வரை அவை உன் கையைவிட நன்றாகவே சுடும். .30-30க்கான தட்டை மூக்கு 170 கிரெயினும் அதே .308 விட்டம்தான். கையேட்டில் .308க்கு அளவு இருந்தால் ஒவ்வொன்றாகச் சேம்பரில் வைத்துக் காகிதத்தில் பழகலாம். அதை வேகமாக ஓட்டவேண்டாம், அது மெதுவான ரைபிளுக்குச் செய்த குண்டு.

ஆனால் 7.62x39க்கும் .303 பிரிட்டிஷுக்கும் உள்ள குண்டு .310, .311 என்று தடிமனாக இருக்கும். "முப்பது கேலிபர்" என்று ஒருவர் பையில் போட்டு விற்றால் மைக்ரோமீட்டரால் அளந்த பிறகே காசைக் கொடு.

பிடுங்கிய 147 பற்றி. வாங்கலாம், பழக்கத்துக்கு. முதலில் காந்தத்தைக் காட்டு. அதில் பலவற்றின் மேலுறைக்குள் எஃகு இருக்கும், காந்தம் ஒட்டுகிற குண்டைப் பல ரேஞ்சுகள் உள்ளே விடுவதில்லை. மூக்கில் சாயம் பூசியது இருந்தால் ஒதுக்கு. அப்புறம் தராசில் போட்டு எடைப்படி பிரி. பிடுங்கும்போது இடுக்கி பட்ட வடு சிலவற்றில் ஆழமாக இருக்கும், அவற்றைத் தனியே வை. மானுக்கு இது ஆகவே ஆகாது. முழு உறை போட்ட குண்டு விரியாது, காயம்பட்ட மிருகம் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும். பல மாநிலங்களில் சட்டமும் அனுமதிக்காது.

ஈயம் வார்ப்பதை நான் பல வருடமாகச் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். .308க்கு நன்றாகச் சரிப்படும், ஆனால் அது வேறு விளையாட்டு. நொடிக்கு 1,600 முதல் 1,800 அடி வேகம், 100 கெஜம், அடியில் செம்புத் தட்டு பொருத்திய குண்டு, .309 அங்குல விட்டத்துக்கு அளவு பிடிக்க வேண்டும். லைமன் 2 என்ற கலவையில் ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5 பங்கு, அதில் தொடங்கு. டயர் கடையில் சக்கரத்தைச் சமன்செய்யப் பொருத்தும் எடைக்கட்டிகள் கிடைத்தால் ஒவ்வொன்றையும் கட்டிங் பிளேயரால் கடித்துப் பார். ஈயம் என்றால் பல் இறங்கும். துத்தநாகம் என்றால் வழுக்கும். ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸ், துத்தநாகம் 419. தெர்மாமீட்டர் வைத்துச் சூட்டை அடக்கிப் பிடித்தால் தப்பி விழுந்த துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்து எறியலாம். ஒரு துண்டு கரைந்துவிட்டால் பானை முழுதும் கூழாகிவிடும், அச்சு நிறையாது.

நல்ல குண்டு அச்சைத் திறந்ததுமே தெரியும். பளபளவென்று இருக்கும், மோதிரக் கோடுகள் கூர்மையாக இருக்கும். மங்கலாகப் பனி பூத்திருந்தால் அச்சு சூடு கூடிவிட்டது, சுருங்கி மூலை மழுங்கியிருந்தால் சூடு போதவில்லை. பானைக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக்கூடாது. அது ஈயத்துக்குள் போனால் நீராவி வெடித்து முகத்தில் அடிக்கும். வெளியே காற்றோட்டத்தில் செய். அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் போகாதே. சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால் இதைத் தொடங்காமலே இருப்பது நல்லது.

இந்தத் தட்டுப்பாடு புதிதல்ல. உன் பெஞ்சில் இருக்கும், தோட்டா அடைக்கும் ஆர்.சி.பி.எஸ். பிரஸ்ஸைப் பார். 1943இல் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது சிறு மிருக வேட்டைக்குக் குண்டு கிடைக்கவில்லை. கலிபோர்னியா ஓரோவில்லில் ஃபிரெட் ஹன்டிங்டன் என்பவர் தன் அப்பாவின் சலவைக்கடைப் பின்னறையில், சுட்டுப்போட்ட .22 தோட்டாக் கூட்டையே மேலுறையாக்கிக் குண்டு அழுத்தும் டை (அச்சு) செய்தார். ராக் சக் புல்லட் ஸ்வேஜ் என்று அதற்குப் பெயர், அதன் முதலெழுத்துகள்தான் ஆர்.சி.பி.எஸ்.

இப்போதைய காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். 2020இல் துப்பாக்கி தொடர்பான எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனை சுமார் 3.97 கோடி. துப்பாக்கி வாங்கியவர்களெல்லாம் கடையில் தயார்த் தோட்டா கேட்கிறார்கள். குண்டு செய்யும் கம்பெனிகளே தோட்டாவும் அடைக்கின்றன, தங்கள் குண்டைத் தங்கள் தோட்டாவுக்கே முதலில் போடுகின்றன. டப்பாவில் நமக்கு வருவது மிச்சம். போதாக்குறைக்கு 2020 ஜூலையில், துப்பாக்கியும் தோட்டாவும் செய்யும் ரெமிங்டன் கம்பெனி திவாலானது. அதன் லோனோக் தோட்டா ஆலை ஒரு கைக்கும், அதன் பார்ன்ஸ் குண்டுப் பிரிவு சியராவின் கைக்கும் போயின.

எனக்கு வருத்தமெல்லாம், பத்துப் பெட்டியை அள்ளிக்கொண்டு போய் மூன்று மடங்குக்கு விற்பவர்களைப் பார்த்துத்தான். அவர்களிடம் வாங்காதே தம்பி. கிளப்பில் மாற்றிக்கொள். ஒருவரிடம் .224 விட்டக் குண்டு குவிந்திருக்கும், இன்னொருவரிடம் .308. பவுடரும் பிரைமரும் இல்லாத வெறும் குண்டு என்பதால் தபாலில்கூட அனுப்பலாம். 168 கிரெயின் குண்டு 500 என்றால் 12 பவுண்டு, ஃப்ளாட் ரேட் பெட்டியில் அடங்கிவிடும்.

சாக்ரமென்டோ_கதிர்

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது, அதனால் எங்களுக்குச் செம்புதான். .308இல் 168 செம்பு தேடி அலையாதீர்கள். 130 கிரெயின் செம்பு மானுக்குப் போதும், நீளமும் அளவாக இருக்கும், பல நேரம் கனமானதைவிட முன்னால் கிடைக்கிறது. ஈயத்திலிருந்து செம்புக்கு மாறும்போது பேரலை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் குரூப் (குண்டுகள் விழும் வட்டம்) விரிந்து குண்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கொங்குத்தம்பி_ஆஸ்டின்

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் மூன்று வயதுப் பாப்பா இருக்கிறாள், ஆகவே வார்ப்பு வேண்டாம் என்று முடிவு. லாக்ஹார்ட் பக்கம் ஒரு கடையில் இன்டர்லாக் 150 நான்கு டப்பா, நான்கும் ஒரே லாட். எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன், மானுக்கும் பழக்கத்துக்கும் அதையே ஆக்கிக்கொள்கிறேன். அண்ணாச்சி, அந்தக் குண்டில் நடுவில் ஒரு பள்ளக்கோடு இருக்கிறதே, அதுவரைதான் உட்காரவைக்க வேண்டுமா? 10 ட்விஸ்ட் 150க்கு அதிகமாகிவிடாதா?

ஐடஹோ_அண்ணாச்சி

ட்விஸ்ட் பற்றிக் கவலை வேண்டாம், 150 நன்றாகவே போகும். .30-06 ரைபிள்கள் எத்தனையோ காலமாக அதே 10 ட்விஸ்டில் 150ஐச் சுடுகின்றன.

பள்ளக்கோட்டில் கிரிம்ப் போடுவது (கேஸ் வாயை நெரித்துக் குண்டைப் பிடிக்கவைப்பது) நீ விரும்பினால்தான். போல்ட் ரைபிளில் கேஸ் கழுத்தின் பிடியே போதும். முதலில் கையேட்டில் அந்தக் குண்டுக்குச் சொன்ன நீளத்தில் வை, மாகஸினில் ஏறி இறங்குகிறதா பார், அங்கிருந்து தொடங்கு. பவுடரை முதலில் தேற்று, நீளத்தை அப்புறம் தொடு. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் குண்டுதான் தீரும்.

ஜீரோ 168இலிருந்து நகரும். 100 கெஜத்தில் ஸ்கோப்பை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று பார்த்து, லாட் எண்ணோடு சேர்த்து டப்பா மூடியில் எழுதி ஒட்டிவிடு. மீதி இருக்கும் மேட்ச்கிங்கை எடுத்துத் தனியே பூட்டு, அதைத் தினசரிப் பழக்கத்தில் கலக்காதே. முதல் நாள் குரூப் வந்ததும் வேகத்தையும் சேர்த்து இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.