லண்டன் எலக்ட்ரிக் போர்வை ராத்திரி தானா அணையுது, டைரக்ட் பண்ணலாமா?

ரப்பர்தோட்டத்து மகன்:
வணக்கம். வீடு குலசேகரம் பக்கம். மார்கழி விடியல்ல நமக்கு ஒரு சட்டை போதும். 74 வயசு அம்மைக்கு முட்டுவலி, கூட சுகர், குளிர் ஆகவே ஆகாது. லண்டன்ல இருக்க தம்பி, மெத்தை மேல விரிக்கிற எலக்ட்ரிக் போர்வை கொண்டுவந்தான். ரெண்டு வாரம் சொகமா கிடந்தாங்க. ஆனா ராத்திரி 10-க்குப் போட்டா சரியா 1 மணிக்கு அணையுது. முந்தாநாள் அது கூட இல்ல, 20 நிமிசத்துல லைட்டு மினுங்கி நின்னுட்டு. ஜங்ஷன் ரிப்பேர் கடைக்காரர் கண்ட்ரோலரைத் தூக்கிட்டு டைரக்டா கரண்டு குடுத்துரலாம்ங்கார். குடுக்கலாமா?

ஒயர்மேன் மார்த்தாண்டம்:
தொடவே விடாதீங்க. லேபிள்ல எத்தனை வோல்ட்? கண்ட்ரோலர்ல என்ன எண்?

ரப்பர்தோட்டத்து மகன்:
230-240 போட்டிருக்கு. ப்ளக்குக்கு அடாப்டர். கண்ட்ரோலர்ல ரெண்டு வரிசை. ஒண்ணு சூடு, இன்னொண்ணுல 1, 3, 9. அம்மை ரெண்டையும் 3-ல வச்சிருக்காங்க.

ஒயர்மேன் மார்த்தாண்டம்:
வோல்ட்டு சரி. அமெரிக்காப் போர்வையா இருந்தா 120 வோல்ட்டு. அதை நம்ம 230-ல நேரடியா மாட்டினா 100 வாட்டு 360-ஐத் தாண்டிரும்.

ரெண்டாவது வரிசை மணிக்கணக்கு. 3-ன்னா மூணு மணி நேரம். 10-க்குப் போட்டா 1-க்கு நிக்கத்தானே செய்யும்! அது டைமர்.

20 நிமிசத்துல நின்னது வேற விசயம், அது சூட்டுப் பாதுகாப்பு. பல போர்வைகள்ல சூடாகுற கம்பியோட, சூட்டைக் கவனிக்க இன்னொரு மெல்லிய கம்பியும் ஓடும். ஒரு இடத்துல சூடு எல்லை மீறினா கண்ட்ரோலர் கரண்டை நிறுத்திரும். டைமருக்கு மணி மட்டும்தான் தெரியும், சூடு தெரியாது. டைரக்ட் பண்ணினா ரெண்டு காவலும் போச்சு. அன்னைக்கு எப்படி விரிச்சிருந்தீங்க?

ரப்பர்தோட்டத்து மகன்:
கேட்டேன் அண்ணாச்சி. ஈசிசேர்ல நாலா மடிச்சுப் போட்டு, மேல தலையணையும் வச்சு உக்காந்தாங்களாம்.

ஒயர்மேன் மார்த்தாண்டம்:
அதாக்கும் காரியம். மடிப்புக்குள்ள சூடு வெளியேற வழியில்ல. வெளிச்சத்துல விரிச்சு முழுசாப் பாருங்க.

நாகர்கோவில் நர்ஸ்:
சுகர்ன்னு சொன்னதை ஆரும் கண்டுக்கலியே? பாதம் மரத்துப் போனவங்களுக்குச் சூடு தெரியாது. நம்ம கைக்கு இதமா இருக்க சூடே மணிக்கணக்கா ஒரே இடத்துல பட்டா தோல் வெந்துரும். போர்வைக்கு அது சாதாரண சூடு, எந்தக் கட்-ஆஃபும் வேலை செய்யாது. அதனால 9-ல வைக்கலாமேன்னு நினைக்காதீங்க. படுக்குறதுக்கு அரை மணிக்கூர் முன்ன மெத்தையைச் சூடாக்கி, ப்ளக்கைப் பிடுங்கிட்டுப் படுக்கிறது ஒரு வழி. உணர்வு குறைஞ்சிருந்தா அதுவும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு. இப்பவே பாதத்தைப் பாருங்க தம்பி.

ரப்பர்தோட்டத்து மகன்:
பாத்தேன் அக்கா. இடது குதிகால்ல ஒரு ரூபா அளவுக்குச் செவந்து கிடக்கு. கொசு கடிச்சதாக்கும்னு சாதிக்காங்க. காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். போர்வைல ஒரு மடிப்புல பழுப்பா ஒரு கோடும் இருக்கு.

ஒயர்மேன் மார்த்தாண்டம்:
கருகல் தெரிஞ்சா அதுக்க சோலி முடிஞ்சு. தூக்கிப் போடுறதுக்கு முன்ன ஒயரை வெட்டிருங்க. இல்லேன்னா ஆராவது எடுத்து மாட்டிருவாங்க.

ரப்பர்தோட்டத்து மகன்:
வெட்டியாச்சு. தம்பி போன் பண்ணினா "நல்ல சூடா இருக்கு மக்கா"ன்னு சொல்லணுமாம். அம்மைக்க உத்தரவு.