2014 டஸ்டர் டீசல்: டைமிங் பெல்ட் மாற்றியதற்கான பதிவு இல்லை, இப்போதே மாற்ற வேண்டுமா?

நொய்யல்கரை:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் 2014ஆம் ஆண்டு ரெனோ டஸ்டர் டீசல் காரை, 85 குதிரைத்திறன் வகையை, அண்மையில் இரண்டாம் கைக்கு வாங்கினேன். ஓடோமீட்டர் 88,000 கி.மீ. காட்டுகிறது. முதல் மூன்று ஆண்டுகளுக்கான சர்வீஸ் ரசீதுகள் மட்டுமே கிடைத்தன. அவற்றில் டைமிங் பெல்ட் பற்றி ஒரு வரியும் இல்லை. அதன் பிறகு வண்டி வெளிப் பட்டறையில் பார்க்கப்பட்டதாக விற்றவர் சொல்கிறார்.

எங்கள் பகுதி மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, "சத்தமே இல்லை, ஒன்றரை லட்சம் வரை தாராளமாக ஓட்டலாம்" என்கிறார். இதற்கு முன் நான் வைத்திருந்த ஸ்விஃப்ட் டீசலில் இப்படி ஒரு செலவு வந்ததே இல்லை. கிலோமீட்டரைக் கணக்கில் கொள்வதா, ஆண்டைக் கணக்கில் கொள்வதா? மாற்றுவதென்றால் பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதுமா? வரும் மாதம் குடும்பத்துடன் வால்பாறை செல்லும் எண்ணம் இருப்பதால் கேட்கிறேன்.

ஸ்பேனர்17:

வணக்கம் ஐயா. ஸ்விஃப்ட்டின் 1.3 டீசல் இன்ஜினில் இருப்பது சங்கிலி. அதனால்தான் அந்தச் செலவு உங்களுக்கு வரவில்லை. டஸ்டரில் உள்ள 1461 சிசி கே9கே இன்ஜின் பல்வைத்த ரப்பர் பெல்ட்டில் ஓடுவது. மைக்ரா, சன்னி, டெர்ரானோ ஆகியவற்றின் டீசல் வகைகளிலும், லோகன், வெரிட்டோ டீசலிலும் இதே இன்ஜின்தான் என்பதால், அவற்றை வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பதில் பொருந்தும்.

பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைத் தவறவிடாமல் வைத்திருப்பதுதான் பெல்ட்டின் வேலை. டீசல் இன்ஜினில் அழுத்த விகிதம் அதிகம் என்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் திறந்த வால்வுக்கு அங்கே இடமே கிடையாது. பெல்ட் அறுந்தாலோ சில பற்கள் தாண்டினாலோ பிஸ்டன் வால்வை மோதும், வால்வு வளையும், இன்ஜினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றியாக வேண்டிவரும். பழைய வண்டிக்கு அந்தச் செலவைப் பார்த்துவிட்டு, இன்ஜினையே மாற்றிவிடலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு.

"சத்தம் இல்லை" என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். காலையில் கீச்சென்று கத்துவது பெரும்பாலும் ஆல்டர்னேட்டரையும் ஏசியையும் ஓட்டும் வெளிப் பெல்ட். டைமிங் பெல்ட் அநேகமாக எந்த முன்னறிவிப்பும் தராமல் போய்விடும். மேல் மூடியைத் திறந்து வெடிப்பு, எண்ணெய்க் கசிவு, ஓரம் பிசிறியிருப்பது ஆகியவற்றைப் பார்க்கலாம். ஆனால் பாரத்தைத் தாங்குவது ரப்பருக்குள் ஓடும் கண்ணாடி இழை நாண்கள், அவற்றின் நிலை கண்ணுக்குத் தெரியாது. பார்க்கக் கெட்டிருந்தால் உடனே மாற்ற வேண்டும் என்பது உறுதி; பார்க்க நன்றாக இருந்தால் நல்ல பெல்ட் என்று பொருளாகாது.

இந்த இன்ஜினில் பெல்ட்டை மாற்ற வேண்டிய எல்லை, கார் தயாரான ஆண்டுக்கும் நாட்டுக்கும் ஏற்ப வேறுபட்டு அச்சிடப்பட்டிருப்பதால், இணையத்தில் பார்த்த எண்ணை விட்டுவிட்டு உங்கள் காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள். கிலோமீட்டர், ஆண்டு என இரண்டும் கொடுத்து "எது முதலில் வருகிறதோ அது" என்று எழுதியிருந்தால், உங்கள் காருக்கு ஆண்டே முதலில் வந்திருக்கும். பத்து ஆண்டுகளைத் தாண்டிய, பதிவில்லாத பெல்ட் இது. வால்பாறைக்குப் பின் அல்ல, முன்பே மாற்றுங்கள்.

மலைப்பாதை:

மெக்கானிக்கை முற்றிலும் குறை சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். என் டெர்ரானோ பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடியது. ஒரு லட்சத்தைக் கடந்த பின் மாற்றியபோதும் பழைய பெல்ட் புதியது போலவே இருந்தது.

ஸ்பேனர்17:

இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வண்டி சில ஆண்டுகளிலேயே ஒரு லட்சத்தைத் தொட்டிருக்கும். நொய்யல்கரையின் வண்டி பெரும்பாலும் நகரத்துக்குள் ஓடியிருக்கும். சிக்னலில் நிற்கும்போது ஓடோமீட்டர் ஏறாது, பெல்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். வெப்பத்தில் ரப்பர் இறுகுவதும் கிலோமீட்டரைப் பார்த்து நடப்பதில்லை. அந்த 88,000 உண்மையான எண்தானா என்ற கேள்வி வேறு இருக்கிறது. இரண்டாம் கை வண்டியில் நான் அதை நம்புவதற்கு முன் கிளச் பெடலின் ரப்பரையும் ஸ்டியரிங்கின் தேய்மானத்தையும் பார்ப்பேன்.

நொய்யல்கரை:

மிக்க நன்றி. கம்பெனி சர்வீஸில் பதிவெண்ணையும் சேசிஸ் எண்ணையும் கொடுத்துக் கேட்டேன். ரசீதில் இருப்பதற்கு மேல் அவர்களிடம் எதுவும் இல்லை. பெல்ட் மாற்றினால் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டும் வில்லையும் இன்ஜின் அறையில் காணவில்லை. ஆகவே மாற்றுவதென்று முடிவெடுத்துவிட்டேன். மெக்கானிக் பெல்ட்டையும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மட்டும் சொல்கிறார். வாட்டர் பம்ப் கசியவில்லை, வீண் செலவு என்கிறார். அது சரியா?

ஸ்பேனர்17:

இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவதே டைமிங் பெல்ட்தான். நாளை பம்ப்பின் பேரிங் இறுகினாலோ, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கசிந்தாலோ புதுப் பெல்ட்டும் கெடும். பம்ப்பை மாற்ற முன் வலச் சக்கரம், இன்ஜின் மவுண்ட் என்று இதே கழற்றலை மறுபடியும் தொடங்க வேண்டும். கூலியில் பெரும்பகுதி அந்தக் கழற்றலுக்குத்தான். பம்ப்போடு சேர்ந்த முழு கிட்டாகவே வாங்குங்கள். வெளிப் பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள், ஏனெனில் அது பிய்ந்தால் அதன் நார் மூடிக்குள் புகுந்து டைமிங் பெல்ட்டையே தாண்ட வைக்கும்.

வேலையைக் கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கிராங்க்கையும் கேம்ஷாஃப்ட்டையும் அசையாமல் பூட்டும் பின்கள் (உலோக ஊசிகள்) அவரிடம் உள்ளனவா? பெயின்ட்டால் குறி போட்டுப் பொருத்திவிடலாம் என்று பதில் வந்தால் வேறு பட்டறை பாருங்கள். கிராங்க் புல்லியின் போல்ட், கோணம் அளந்து முறுக்கும் வகை என்பதால் பழையதைத் திரும்பப் போடக்கூடாது. பொருத்திய பிறகு இன்ஜினை அதன் வழக்கமான திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, பின்கள் மீண்டும் உட்காருகின்றனவா, டென்ஷனரின் முள் குறியில் நிற்கிறதா என்று பார்த்த பின்பே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மலைப்பாதை:

என் பங்குக்கு ஒன்று: வேலை முடியும் வரை பேட்டரி இறங்கினாலும் கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த இழுப்பில் பழைய பெல்ட் பல் தாண்ட வாய்ப்பு உண்டு.

நொய்யல்கரை:

பின்கள் வைத்திருக்கும் பட்டறை ஒன்றைச் சிங்காநல்லூரில் கண்டுபிடித்துவிட்டேன். பம்ப்போடு கூடிய கிட், வெளிப் பெல்ட், புல்லி போல்ட், கூலன்ட் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதி வாங்கியிருக்கிறேன். கழற்றிய பாகங்களை என்னிடம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். ஒட்டவேண்டிய வில்லையில் தேதியோடு ஓடோமீட்டர் எண்ணையும் எழுதச் சொல்கிறேன்; அடுத்து வாங்குபவர் என்னைப் போல் கேட்டு அலைய வேண்டாம்.